ஆடிக் காற்றும் அலெக்சாந்திரியாவும்: தல்லாகுளத்திலிருந்து ஒரு விடுமுறை பிளான்

இந்த வாரம் கொஞ்சம் சொந்தக் கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

போன மாசம் தல்லாகுளம் பெருமாள் கோயில் பக்கத்துல ஒரு டீக்கடை. நாங்க நாலு பேர். நாலு பேரும் ஒண்ணாப் படிச்சவங்க, இப்போ ஆளுக்கொரு வேலையில இருக்கோம். ரெண்டு வருஷமா ஒரு வெளிநாட்டுப் பயணம் பேசிக்கிட்டே இருக்கோம், நடக்கல. இந்தத் தடவை நான் ஒரு ஊர் பேரைச் சொன்னேன்: எகிப்துல இருக்கிற அலெக்சாந்திரியா. மத்தியதரைக் கடல் ஓரம், 2,300 வருஷப் பழமை.

ஒருத்தன் உடனே போனை எடுத்துத் தேடினான். அஞ்சு நிமிஷம் கழிச்சு நிமிர்ந்து பார்த்துச் சொன்னான்: "மாப்ள, கலங்கரை விளக்கம் இடிஞ்சு போச்சு. பழைய நூலகம் இல்ல. அலெக்சாண்டர் சமாதி எங்கன்னே தெரியலையாம். இல்லாததைப் பாக்கவா நாம இவ்வளவு செலவு பண்ணணும்? அப்புறம் அங்க நமக்கு என்ன இருக்கு?"

நல்ல கேள்விதான். அதுக்குப் பதில் தேடினதுதான் இந்த எபிசோடு. கேட்டவனுக்கு அன்னைக்கு டீ வாங்கிக் குடுத்துட்டு வந்துட்டேன், பதில் இல்லாததால.

மதுரை பேர் எழுதிய ரோமானியர்

மதுரைக்காரங்களுக்குக் கடல்னா பஸ் ஏறிப் போய்ப் பார்க்கிற விஷயம். ராமேஸ்வரம் போகணும், இல்லன்னா தூத்துக்குடி. நம்ம ஊருக்கும் கடலுக்கும் சம்பந்தம் இல்லைன்னுதான் நாம நினைச்சுக்கிட்டு இருக்கோம்.

ஆனா கி.பி. முதல் நூற்றாண்டுல பிளினி என்ற ரோமானியர் ஒருவர், உலகத்துல இருக்கிற எல்லாத்தையும் பற்றி ஒரு பெரிய கலைக்களஞ்சியம் எழுதினார். கி.பி. 79-ல வெசுவியஸ் எரிமலை வெடிச்சப்போ இறந்து போனாரே, அவர்தான். அந்த நூல்ல இந்தியாவுக்குக் கடல்வழி எப்படிப் போவதுன்னு ஒரு பகுதி இருக்கு. அதுல பாண்டியன் பேர் வருது. அவன் ஆளுகிற நகரத்தின் பேரும் வருது: மொதுரா.

துறைமுகத்திலிருந்து தள்ளி, நாட்டுக்கு உள்ளே இருக்கிற ஊர் என்று மதுரையைச் சொல்ல அவர் போட்ட லத்தீன் சொல் என்ன தெரியுமா? 'மெடிட்டெரேனியோ'. நடு நிலத்தில் உள்ள, உள்நாட்டு என்று அர்த்தம். நிலங்களுக்கு நடுவில் கிடக்கும் கடல் என்பதால் அதே சொல் பல காலம் கழித்து அந்தக் கடலுக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது. பிளினி காலத்து ரோமானியர்கள் அதை 'நம்ம கடல்' என்றுதான் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. ஆக, லத்தீன் கணக்குப்படி பார்த்தா மெடிட்டெரேனியன் ஊர்னு முதல்ல சொல்ல வேண்டியது நம்ம மதுரையைத்தான்.

இது வெறும் வார்த்தை விளையாட்டு. ஆனா அலெக்சாந்திரியாவில் கப்பல் வியாபாரம் பண்ணினவங்களுக்கு மதுரை எங்கே இருக்கு, எந்தத் துறைமுகத்தில் இறங்கினா பக்கம் என்பதெல்லாம் தெரிஞ்சிருந்தது என்பது விளையாட்டு இல்லை. பிளினி ஒரு டிப்ஸ் கூடக் குடுக்கிறார்: முசிறியில இறங்காதீங்க, பக்கத்துல கடற்கொள்ளையர் இருக்காங்க, கப்பலைக் கரையிலிருந்து தூரமா நிறுத்தணும், சரக்கைப் படகுல ஏத்தி இறக்கணும். அதைவிடப் பாண்டியனின் துறையான பக்கரே வசதி என்கிறார். இன்றைய கேரளத்தின் தென்பகுதியில் இருந்த துறை அது.

அன்றைய பயணத் திட்டம்

சரி, இப்போ ஒரு கணக்குப் போடுவோம். 2,000 வருஷத்துக்கு முன்னாடி மதுரையிலிருந்து ஒருத்தர் அலெக்சாந்திரியா போகணும்னா எப்படி பிளான் பண்ணுவார்?

முதல் விஷயம், தேதியை அவர் முடிவு பண்ண முடியாது. காற்றுதான் முடிவு பண்ணும். ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு நம்ம வீடுகள்ல சொல்வாங்க இல்லையா? அந்தக் காற்று மேற்கே அரபிக்கடலைத் தாண்டித்தான் இங்கே வருது. தென்மேற்குப் பருவக்காற்று. அது வீசும்போது மேற்கேயிருந்து கப்பல் இங்கே வரலாம், இங்கேயிருந்து மேற்கே போக முடியாது. மார்கழி, தை மாசங்களில் காற்று திரும்பி வடகிழக்கிலிருந்து வீசும். போறதுக்கு அதுதான் நேரம். இந்தியக் கரையிலிருந்து திரும்புகிற கப்பல்கள் டிசம்பரில், தவறினால் ஜனவரி நடுவுக்குள் கிளம்பிவிட வேண்டும் என்று பிளினியும் எழுதியிருக்கிறார்.

அப்போ நம்ம ஆள் கார்த்திகை மழை விட்டதும் மதுரையிலிருந்து கிளம்பணும். மலையைத் தாண்டி மேற்குக் கரைக்குப் போகணும். மார்கழி கடைசியில் கப்பல் ஏறினால் அரபிக்கடலைக் கடந்து, செங்கடலுக்குள் நுழைந்து, எகிப்தின் பெரனிகே அல்லது மியோஸ் ஹோர்மோஸ் துறையில் இறங்குவதற்குள் மாசி, பங்குனி ஆகிவிடும்.

அதோட முடியல. அங்கிருந்து பாலைவனம். பெரனிகேயிலிருந்து நைல் நதிக்கரையில் இருக்கும் கோப்டோஸ் வரைக்கும் ஒட்டகத்தில் 12 நாள். பகலில் வெயில் தாங்காது என்பதால் பெரும்பாலும் ராத்திரியில்தான் நடை. கோப்டோஸில் படகு ஏறி நைல் வழியாக வடக்கே போகணும். எதிர்த்திசையில், அதாவது அலெக்சாந்திரியாவிலிருந்து கோப்டோஸ் வருவதற்கு 12 நாள் என்று பிளினி கணக்குச் சொல்கிறார். ஆக நம்ம ஆள் அலெக்சாந்திரியாவைப் பார்க்கும்போது கிட்டத்தட்டச் சித்திரை.

இங்கே எனக்குப் பிடித்த ஒரு விஷயம். அலெக்சாந்திரியா என்றதும் நாம கடல் பக்கமிருந்து, அந்தக் கலங்கரை விளக்கத்தைப் பார்த்தபடி நுழைவதாகத்தான் கற்பனை பண்றோம். இவர் நுழைவது பின்வாசல் வழியாக. நகரத்துக்குத் தெற்கே மரியோடிஸ் என்ற பெரிய ஏரி இருந்தது. நைலிலிருந்து கால்வாய்கள் அந்த ஏரிக்கு வரும். கடல் துறைமுகத்தைவிட அந்த ஏரித் துறைமுகத்தில்தான் சரக்கு வரத்து அதிகம் என்று ஸ்ட்ராபோ என்ற கிரேக்கப் புவியியலாளர் எழுதியிருக்கிறார். மத்தியதரைக் கடல் ஊருக்கு வந்துட்டு, கடலைக் கடைசியில்தான் பார்த்திருப்பார் அவர்.

திரும்பி வருவதற்கும் காற்றுக்குத்தான் காத்திருக்கணும். எகிப்தின் துறைகளிலிருந்து ஜூலை வாக்கில் கப்பல் கிளம்பும். அதைப் பிடிக்கணும்னா ஆனி மாசமே அலெக்சாந்திரியாவை விட்டுக் கிளம்பணும். மறுபடி நைல், மறுபடி பாலைவனம், அப்புறம் நம்ம ஆடிக் காற்று. காற்றின் வேகம் குறைகிற புரட்டாசி வாக்கில் மேற்குக் கரை. மதுரை வந்து சேர ஐப்பசி. மொத்தம் பத்து, பதினோரு மாசம். இதில் அலெக்சாந்திரியாவில் இருக்க முடிவது ரெண்டு மாசத்துக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

யோசிச்சுப் பாருங்க. நாம ஆபீஸ்ல பத்து நாள் லீவு கேக்கிறதுக்கு எத்தனை நாடகம் போடுறோம்!

சுங்கக் கிடங்கு

இவ்வளவு கஷ்டப்பட்டு எதுக்குப் போகணும்? காசுக்குத்தான். ஆஸ்திரியாவின் வியன்னாவில் தேசிய நூலகத்தில் ஒரு பாப்பிரஸ் ஏடு இருக்கு. கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1985-ல் வெளியிடப்பட்டது. அறிஞர்கள் இதை 'முசிறி பாப்பிரஸ்' என்று சொல்வாங்க. அது கவிதையோ ராஜ சாசனமோ இல்லை. ஒரு கடன் பத்திரம்.

முசிறிப் பயணத்துக்காக வாங்கிய கடன். திரும்பி வரும் சரக்கு பாலைவனம் தாண்டி கோப்டோஸில் கிடங்கில் வைக்கப்படணும், கடன் கொடுத்தவரின் முத்திரை போடப்படணும், பிறகு ஆற்று வழியாக அலெக்சாந்திரியா சுங்கக் கிடங்குக்குப் போகணும் என்று ஒவ்வொரு படியாக எழுதியிருக்கு. சுங்க வரி எவ்வளவு தெரியுமா? நாலில் ஒரு பங்கு. 25 சதவீதம்.

ஏட்டின் பின்பக்கத்தில் ஹெர்மபோலோன் என்ற கப்பலில் வந்த சரக்கின் கணக்கு. கங்கைப் பக்கத்துச் சடாமாஞ்சில் 60 பெட்டி, யானைத் தந்தம், இன்னும் சில. வரி போன பிறகும் அதன் மதிப்பு ஏறத்தாழ 69 லட்சம் செஸ்டர்ஸ் என்று கணக்கிடுகிறார்கள். அப்போது ஒரு சாதாரண ரோமானியப் படைவீரரின் வருஷச் சம்பளம் 1,200 செஸ்டர்ஸ். அதாவது ஒரே ஒரு கப்பல் சரக்கில் 5,700-க்கும் மேற்பட்ட வீரர்களுக்கு ஒரு வருஷம் சம்பளம் போடலாம். ஸ்ட்ராபோ காலத்தில் ஆண்டுக்கு 120 கப்பல்கள் வரை மியோஸ் ஹோர்மோஸிலிருந்து இந்தியப் பக்கம் கிளம்பின என்கிறார் அவர்.

போனவர்கள் எல்லாரும் கிரேக்கர்களும் ரோமானியர்களும்தானா, நம்ம ஆட்கள் அந்த நகரத்தை மிதிச்சிருக்காங்களா? டியோ கிறிஸோஸ்டம் என்ற பேச்சாளர் அலெக்சாந்திரியா மக்கள் முன்னால் ஓர் உரை நிகழ்த்தியிருக்கிறார். எதிரே கூடியிருக்கும் கூட்டத்தில் எந்தெந்த நாட்டார் இருக்காங்கன்னு அடுக்கிக்கொண்டே போகும்போது, இந்தியர்கள் சிலரையும் பார்க்கிறேன் என்கிறார். எந்த ஊர், என்ன பேர்னு சொல்லல. கூட்டத்துல ஒரு முகம், அவ்வளவுதான்.

பேர் எழுதிவிட்டுப் போனவர்கள்

ஆனா பேர் கிடைக்கிற இடம் உண்டு. அலெக்சாந்திரியாவில் இல்லை, அந்தப் பயணப் பாதையில்.

பழைய மியோஸ் ஹோர்மோஸ் இருந்த இடம் இன்றைய குசைர் அல்-கதீம். அங்கே கிடைத்த பானை ஓடுகளில் தமிழ் பிராமி எழுத்தில் கணன், சாதன் என்று பேர்கள். இன்னோர் ஓட்டில் 'பானை ஒறி' என்று இருப்பதாக ஐராவதம் மகாதேவன் படித்தார். ஒறின்னா உறி. நம்ம பாட்டி வீட்டுல பானையைக் கயிற்றில் கட்டித் தொங்க விடுவாங்களே, அந்த உறி. செங்கடல் ஓரத்துல யாரோ ஒருத்தர் தன் உறிப்பானையில் அது உறிப்பானைதான் என்று எழுதி வைத்திருக்கிறார். எறும்புக்குப் பயந்தா, கூட இருந்தவர்களுக்குப் பயந்தா என்பது நமக்குத் தெரியாது.

பெரனிகேயில் செராபிஸ் கோயில் தரையில் புதைந்த ஓர் இந்தியப் பானை கிடைத்தது. உள்ளே 7.55 கிலோ மிளகு. இந்தச் செராபிஸ் தெய்வத்தின் பெரிய கோயில் அலெக்சாந்திரியாவில் இருந்தது. அதைப் பிறகு சொல்றேன்.

2026 பிப்ரவரியில் சென்னையில் நடந்த ஒரு கல்வெட்டியல் மாநாட்டில் இன்னொரு செய்தி வந்தது. லக்சர் பக்கத்தில் இருக்கும் அரசர்களின் பள்ளத்தாக்கில், பாரோக்களின் கல்லறைச் சுவர்களில் தமிழ் பிராமிக் கீறல்களை ஷார்லட் ஷ்மிட், இங்கோ ஷ்ட்ராவுக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். அதில் சிகை கொற்றன் என்ற ஒருவர் பேர் மட்டும் ஐந்து கல்லறைகளில் எட்டு இடத்தில். அந்தக் கல்லறைகளில் கிரேக்க, லத்தீன் பயணிகள் கிறுக்கியவை 2,000-க்கும் மேல் இருப்பது ஏற்கனவே தெரிந்த விஷயம். ரோமானியர் காலத்திலேயே அது ஒரு சுற்றுலாத் தலம். கோப்டோஸிலிருந்து ஆற்றில் கொஞ்சம் தெற்கே போனால் வந்துவிடும். வேலையாக வந்த இடத்தில் எங்கேயோ நாலு நாள் ஓய்வு கிடைத்திருக்கு. நம்ம ஆள் சுற்றிப் பார்க்கப் போயிருக்கார். போன இடத்திலெல்லாம் பேரை எழுதியிருக்கார்.

நம்ம திருமலை நாயக்கர் மகால் தூணைப் பார்த்திருக்கீங்க இல்லையா? அதே பழக்கம். தயவு செய்து நீங்க செய்யாதீங்க. கொற்றன் செய்தது வரலாறு, நாம செய்தால் வழக்கு.

இந்தச் செய்தி வந்ததும் என் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், எகிப்தையே தமிழன்தான் ஆண்டான் என்கிற அளவுக்கு ஒரு ஃபார்வர்டு வந்தது. அனுப்பினவர் எங்க பெரியப்பா. அவரிடம் சண்டை போடல. ஆனா உங்ககிட்ட சொல்லணும். ஓடுகளும் சுவர்களும் ஆட்சியைப் பற்றிப் பேசல. பானைக்குச் சொந்தக்காரர், மிளகு வியாபாரி, ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர் என்று சாதாரண ஆட்களைத்தான் காட்டுகின்றன. எனக்கு அவங்களைத்தான் பிடிச்சிருக்கு. ராஜாவோட எனக்கு என்ன உறவு? பத்து மாசம் வீட்டைப் பிரிஞ்சு வெளிநாட்டுல வேலை பாக்கிறவனை எனக்குத் தெரியும். எங்க தெருவுலயே நாலு பேர் அப்படி இருக்காங்க.

நம்ம பயணத் திட்டம்

சரி, பிளானுக்கு வருவோம்.

எப்போ போகலாம்? சித்திரையில் போகலாம்னு முதல்ல நினைச்சோம். பழைய வியாபாரி போய்ச் சேர்ந்த நேரம் அதுதானே. ஆனா வசந்த காலத்தில் பாலைவனத்திலிருந்து கம்சீன் என்ற புழுதிக் காற்று வரும். அதைவிடப் பெரிய பிரச்சினை, அழகர் தல்லாகுளம் வர்ற நேரத்துல ஊரை விட்டுப் போனா வீட்டுல சோறு கிடைக்காது. கோடையில் கெய்ரோக்காரர்கள் கூட்டம் கூட்டமாக அலெக்சாந்திரியா கடற்கரைக்கு வந்துவிடுவார்கள். டிசம்பர், ஜனவரியில் அங்கே மழையும் புயல் காற்றும். அதனால் அக்டோபர். வெயிலும் இல்லாத, மழையும் தொடங்காத நேரம்.

எப்படிப் போகலாம்? மதுரையிலிருந்து கெய்ரோவுக்கு நேரடி விமானம் இல்லை. இடையில் மாறித்தான் போகணும். கெய்ரோவிலிருந்து அலெக்சாந்திரியா ரயிலில் மூன்று மணி நேரத்துக்குள். விசா விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி தூதரகத் தளத்தைப் பாருங்க.

முதல் நாள், கைத்பே கோட்டை. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் கட்டிய கலங்கரை விளக்கம் நின்ற இடம். 100 மீட்டருக்கு மேல் உயரம் கொண்டது, 14-ஆம் நூற்றாண்டு நிலநடுக்கங்களில் வீழ்ந்தது. 1477-ல் சுல்தான் கைத்பே அதன் கற்களையும் எடுத்துக் கோட்டை கட்டினார். மீதிக் கற்கள் கடலுக்கடியில். 1994 முதல் முக்குளிப்பவர்கள் அவற்றைப் பதிவு செய்துவருகிறார்கள்.

இரண்டாம் நாள், செராபிஸ் கோயில் மேடு. கோயில் கி.பி. 391 வாக்கில் அழிக்கப்பட்டது. இப்போது நிற்பது ஒற்றைக் கிரானைட் தூண். பாம்பே தூண்னு பேர், ஆனா அது பாம்பேயுக்காக வைத்ததில்லை, டயோக்ளீஷியன் பேரரசருக்காக வைத்தது. அதே நாளில் கோம் எல்-ஷுகாஃபா நிலத்தடிக் கல்லறைகளும் பார்க்கலாம்.

மூன்றாம் நாள், கோம் எல்-திக்கா. போலந்து ஆய்வாளர்கள் தோண்டியெடுத்த சின்ன அரங்கமும், வரிசையாகப் பாடம் நடத்திய அறைகளும். கல் படிக்கட்டு இருக்கை, நடுவில் ஆசிரியர் உட்காரும் இடம். பக்கத்தில் 2002-ல் திறந்த புதிய நூலகம். அப்புறம் 18 வருஷம் மூடியிருந்து 2023-ல் திறந்த கிரேக்க-ரோமானிய அருங்காட்சியகம்.

நாலாம் நாள் ஒண்ணும் வேண்டாம். கடற்கரைச் சாலையில் நடங்க. மிளகாயும் சீரகமும் போட்டு வதக்கின ஈரலை ரொட்டியில் வைத்துத் தருவாங்க, அந்த ஊர் ஸ்பெஷல். மதுரைக்காரங்களுக்குப் பிடிக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்லை. பிறகு ராத்திரி ரயிலில் லக்சர், கொற்றனைப் பார்க்க.

நண்பனுக்குப் பதில்

இப்போ அந்தக் கேள்விக்கு வரேன். இல்லாததைப் பார்க்கவா செலவு பண்ணணும்?

உண்மைதான். அலெக்சாந்திரியாவில் புகழ்பெற்றது எதுவும் மிச்சமில்லை. ஆனா நம்ம பக்கம் மட்டும் என்ன மிச்சம்? வைகை கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், ராமநாதபுரம் மாவட்டத்தில் அழகன்குளம் என்று ஓர் ஊர். 1986 முதல் தமிழகத் தொல்லியல் துறை அங்கே பல முறை தோண்டியிருக்கிறது. ரோமானியக் காசுகள், மத்தியதரைக் கடல் பகுதி மதுச்சாடிகளின் துண்டுகள், கப்பல் படம் கீறிய ஒரு பானை ஓடு எல்லாம் கிடைத்தன. வைகை வழியாக மதுரைக்குக் கடல் வந்த வாசல் அது. நாங்க நாலு பேரும் வைகைக் கரையில் வளர்ந்தவங்க. ஒருத்தர்கூட அழகன்குளம் போனதில்லை.

அலெக்சாந்திரியாவைக் குறை சொல்ல எங்களுக்கு என்ன தகுதி?

இதைத்தான் அவனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் கேட்டான்: "அப்போ முதல்ல அங்க போயிட்டு வந்துருவோமா?"

வர்ற ஞாயிற்றுக்கிழமை காலையில ரெண்டு பைக். கீழடி அருங்காட்சியகம் திறந்ததும் பார்த்துட்டு, அங்கேயிருந்து ராமநாதபுரம், அப்புறம் அழகன்குளம். அக்டோபர் டிக்கெட்டை அதுக்கு அப்புறம் போடுறதா முடிவு பண்ணியிருக்கோம். நாலு பேர்ல ரெண்டு பேர் லீவு இன்னும் உறுதியாகல. நமக்குக் காற்று பிரச்சினை இல்லை, மேனேஜர்தான் பிரச்சினை.

போயிட்டு வந்து சொல்றேன். அதுவரைக்கும், உங்க ஊர்ல இருந்து கடல் எந்தப் பக்கம், அதுக்கு அந்தப் பக்கம் எந்த ஊர் இருக்குன்னு ஒரு தடவை மேப்ல பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.